கேள்வி – பதில்: பிறந்த ஊர் எழுதாத கல்லறைகள்

முதல் உலகப் போரில் அமெரிக்கச் சீருடை அணிந்த, வெளிநாட்டில் பிறந்த வீரர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் மொத்தமாகப் பதில் தருகிறோம்.

கப்பலில் வேலை பார்க்கும் என் மகன், அமெரிக்க ராணுவச் சரக்குக் கப்பல் ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தான். அதன் பெயர் ‘சார்ஜண்ட் மாதெய் கோசாக்’. அமெரிக்கப் பெயர் மாதிரியே தெரியவில்லையே, யார் அவர்?
– வாசகி, தூத்துக்குடி

அவர் பிறந்த ஊரில் ‘கோட்சாக்’ என்பார்கள். ஸ்லோவாக் மொழியில் ‘சி’ என்ற எழுத்துக்கு ‘ட்ஸ்’ என்று ஒலி. 1882 டிசம்பர் 31 அன்று க்பெலி என்ற ஊரில் பிறந்தார். இன்று அது ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது. அன்று ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் ஹங்கேரிப் பகுதியில் இருந்தது. எக்பெல் என்பது அதன் ஹங்கேரியப் பெயர். 1906இல் அமெரிக்கா போனார். அடுத்த வருடமே மரைன் படையில் (கடற்படையோடு சேர்ந்த போர்ப்படை) சேர்ந்துவிட்டார். வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, குடியுரிமை கேட்கக்கூட ஐந்து வருட வாசம் வேண்டும். ஆனால் படையில் சேர அது தடையாக இல்லை.

1918 ஜூலை 18, பிரான்சின் சுவாஸோன் அருகே, வில்லர்-கோத்ரே காடு. மறைந்திருந்த ஒரு ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கி அவருடைய பட்டாலியனை நகரவிடாமல் தடுத்தது. இயந்திரத் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் ஒன்றின் பக்கவாட்டை இன்னொன்று காக்கும்படிதான் வைப்பார்கள். நேராகப் போனால் ஒன்று சுடும், சுற்றிப் போனால் மற்றது சுடும். அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களில் ஒரு முழு பட்டாலியனே தரையோடு ஒட்டிக் கிடக்க நேர்ந்தது. கோட்சாக் பின்னாலிருந்து யாரும் சுட்டு மறைப்புத் தராத நிலையில், ஜெர்மன் நிலைகளுக்கு நடுவில் புகுந்தார். நெருங்கியதும் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்து அந்தக் குழுவை விரட்டினார். அதே நாளில், தங்கள் கம்பெனியிலிருந்து பிரிந்து நின்ற பிரெஞ்சுக் காலனி வீரர்கள் 25 பேரைத் திரட்டி இன்னொரு துப்பாக்கி நிலையையும் வீழ்த்தினார். ஸ்லோவாக் இனத்தவர் ஒருவர், அமெரிக்கச் சீருடையில், பிரெஞ்சுக் காலனிப் படையை நடத்திப் போயிருக்கிறார்!

அதன்பின் அவருக்குக் கிடைத்த நாட்கள் எழுபத்தெட்டுதான். அக்டோபர் 4 அன்று ஷாம்பேன் பகுதியின் பிளாங் மோன் மேட்டில் நடந்த சண்டையில் இறந்தார். வயது 35. அவருடைய ஒரே நாள் செயலுக்கு அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் தனித்தனியாக ‘மெடல் ஆஃப் ஆனர்’ என்ற மிக உயரிய வீரப் பதக்கத்தை வழங்கின. அந்தப் போரில் அப்படி இரண்டு பதக்கமும் பெற்ற மரைன்கள் ஐந்து பேர்தான். இரண்டையும் வாங்க அவர் உயிரோடு இல்லை. 1917 டிசம்பர் 7 முதல் அவர் பிறந்த நாடு அமெரிக்காவின் எதிரி நாடு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடிமகனே இல்லாத ஒருவரை எப்படி ராணுவத்துக்குப் பிடித்துக்கொண்டு போக முடியும்? ‘வந்தேறி’களை முன்னால் நிறுத்திப் பலி கொடுத்தார்கள் என்று என் நண்பர் சொல்கிறார்.
– வாசகர், ஈரோடு

முதலில் அந்தச் சொல். சண்டையில் ஆளை மட்டம் தட்டத்தான் அது பயன்படும். குடியேறியவர்கள் என்போம்.

கோட்சாக் தானாகச் சேர்ந்தவர். பெரும்பாலானோர் கட்டாயச் சேர்ப்பில் வந்தார்கள். 1917 ஜூன் 5 அன்று 21 முதல் 30 வயது வரையிலான எல்லா ஆண்களும் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவு. குடிமகனா இல்லையா என்ற பேதமில்லை. பதிவு அட்டையில் பன்னிரண்டு கேள்விகள். நான்காவது கேள்விதான் தலையெழுத்தைத் தீர்மானித்தது: இங்கே பிறந்தவரா, குடியுரிமை பெற்றவரா, அந்நியரா, அல்லது குடியுரிமை பெற விருப்பம் தெரிவித்து மனு கொடுத்தவரா?

அந்தக் கடைசி வகையைப் பேச்சு வழக்கில் ‘முதல் காகிதம்’ எடுத்தவர்கள் என்பார்கள். முதல் காகிதம் எடுத்திருந்தால், எதிரி நாட்டுப் பிரஜையாக இல்லாத வரை, ராணுவம் கூப்பிடலாம். எடுக்காத அந்நியருக்கு விலக்கு உண்டு. ஆனால் அது தானாக வராது, அவரே கேட்க வேண்டும். சிக்கல் தொடங்கியது இங்கேதான். 1917 டிசம்பரிலிருந்து 16 பக்க வினாத்தாள் தபாலில் வந்தது. ஏழு நாளில் நிரப்பித் திருப்ப வேண்டும். ஆங்கிலம் தெரியாத சுரங்கத் தொழிலாளிக்கு அது என்ன காகிதம் என்றே விளங்கியிருக்காது. விலக்குக் கேட்டவர் ஐந்தாம் வகுப்பில், அதாவது அழைப்பு வராத வகுப்பில், சேர்க்கப்பட்டார். கேட்கத் தெரியாதவர் முகாமுக்கு ரயிலேறினார். யாரை அழைப்பது என்று முடிவு செய்ய நாடு முழுக்க 4,648 உள்ளூர் வாரியங்கள் இருந்தன. ஒரு வாரியம் பொறுமையாக விளக்கியிருக்கும், பக்கத்து வாரியம் விளக்கியிருக்காது. அநியாயம் நடந்ததா என்றால், நடந்தது; பெரும்பாலும் இந்தக் காகிதத்தின் வழியாக.

நடுநிலை நாட்டுக்காரர் 1918 ஜூலைக்குப் பின் தன் முதல் காகிதத்தைத் திரும்பப் பெற்றுப் படையிலிருந்து தப்பலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க அமெரிக்கக் குடியுரிமை கிடையாது.

பலி கொடுக்கத் தனியாக முன்னால் நிறுத்தினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. அன்றைய அமெரிக்கப் படையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். எல்லாப் பிரிவிலும் கலந்தே இருந்தார்கள்.

மொழி தெரியாமல் எப்படி ஆணையைப் புரிந்துகொண்டார்கள்?
– மாணவி, மதுரை

ஆரம்பத்தில் புரிந்துகொள்ளவில்லை என்பதே உண்மை. 46 நாட்டுக்காரர்கள். ‘வலப்புறம் திரும்பு’ என்றால் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துத் திரும்புவார்கள். பயிற்சிக்கு லாயக்கில்லை என்று பலரைச் சமையல்கட்டிலும் மண்வெட்டி வேலையிலும் போட்டு மறந்துவிட்டார்கள். மாதக்கணக்கில் அப்படிக் கிடந்தவன் போராளியாக மாட்டான், மனம் கசந்தவனாகத்தான் மாறுவான்.

1918இல் ராணுவ உளவுப் பிரிவுக்குள் அயல்மொழி வீரர்களுக்காகவே ஒரு துணைப்பிரிவு அமைத்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் கேம்ப் கார்டனில் முறை உருவானது. முதலில் ஆட்களைத் தரம் பிரிப்பது: சண்டைக்குத் தகுதியானவர், உடல் வேலைக்கு மட்டும் தகுதியானவர், விசுவாசம் சந்தேகத்துக்குரியவர். பிறகு தகுதியானவர்களை மொழிவாரியாகக் கம்பெனிகளாக்கி, அதே மொழி பேசும் அதிகாரியைத் தலைமையில் வைப்பது. போலந்துக்காரருக்குப் போலந்து அதிகாரி, இத்தாலியருக்கு இத்தாலிய அதிகாரி. தாய்மொழியில் விளக்கம், கூடவே தினசரி ஆங்கில வகுப்பு. ஆணைச் சொற்களை மட்டும் ஆங்கிலத்திலேயே மனப்பாடம். போர்க்களத்தில் மொழிபெயர்க்க நேரமிருக்காது அல்லவா! இந்த முறை மற்ற முகாம்களுக்கும் பரவியது.

நியூயார்க் நகரத்து ஆட்களைக் கொண்ட 77ஆம் டிவிஷனில் 42 மொழிகள் பேசப்பட்டன என்பார்கள். சுதந்திர தேவி சிலைதான் அவர்களின் தோள் முத்திரை. அதன் ஒரு பகுதி 1918 அக்டோபரில் ஆர்கோன் காட்டில் ஐந்து நாள் சுற்றி வளைக்கப்பட்டபோது, எதிரிக் கோட்டைக் கடந்து உதவி கேட்டு வந்தவர் ஆப்ரகாம் குரோதோஷின்ஸ்கி. ரஷ்யப் போலந்தில் பிறந்த யூதர். அமெரிக்காவில் முடி திருத்தும் தொழில் செய்தவர்.

ராணுவத்தில் சேர்ந்தால் குடியுரிமை கிடைத்ததா? இந்தியர் யாராவது இருந்தார்களா?
– வாசகர், சென்னை-33

1918 மே 9 சட்டம் வழி திறந்தது. முதல் காகிதம் வேண்டாம், ஐந்து வருட வாசத்துக்கு ஆதாரம் வேண்டாம், கட்டணம் இல்லை. முகாமுக்கே நீதிபதி வருவார். படையில் இருப்பதற்கு அத்தாட்சியும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் போதும். சாட்சிகள் பெரும்பாலும் பக்கத்துக் கட்டில்காரர்கள்தான். காலையில் மனு, மாலையில் பிரமாணம் என்று கூட்டம் கூட்டமாக நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிக் குடிமக்கள் ஆனார்கள். இதற்குள் கப்பலேறிவிட்டவர்களுக்குத்தான் வாய்ப்புத் தவறியது. பிரான்சின் பதுங்குகுழிக்கு நீதிபதி போகவில்லை.

இந்தியர் உண்டு. பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திந்த் 1913இல் அமெரிக்கா போய், ஆரிகனில் மர ஆலைகளில் வேலை செய்தார். 1918இல் வாஷிங்டன் மாநிலத்தின் கேம்ப் லூயிஸில் ராணுவத்தில் சேர்ந்து தற்காலிக சார்ஜண்ட் ஆனார். தலைப்பாகையோடு அவர் நிற்கும் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். 1918 டிசம்பர் 9 அன்று சீருடையிலேயே குடியுரிமை பெற்றார். நான்கே நாளில் அது ரத்து. காரணம்: குடியுரிமைச் சட்டம் ‘சுதந்திர வெள்ளையர்’ என்றது, இவர் வெள்ளையர் இல்லை. 1920இல் ஆரிகன் நீதிமன்றம் மறுபடி கொடுத்தது. 1923 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் அதையும் பறித்தது. தீர்ப்பின் பாதிப்பு அவரோடு நிற்கவில்லை, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த மற்ற இந்தியர்களிடமிருந்தும் அரசு அதைப் பறிக்கத் தொடங்கியது. 1935இல் முதல் உலகப் போர் வீரர்களுக்கு இனத் தடையை நீக்கிச் சட்டம் வந்த பிறகே, 1936இல் நியூயார்க்கில் மூன்றாம் முறையாகக் குடிமகன் ஆனார். ‘மிக நன்று’ என்ற நடத்தைக் குறிப்போடு ராணுவம் விடுவித்த ஒருவரைப் பதினெட்டு ஆண்டு அலைக்கழித்தார்கள். இன்றைக்குப் படித்தாலும் மனம் ஆறவில்லை.

போர்க்களத்தில் இறந்தவர் இன்னார்தான் என்று எப்படி அடையாளம் கண்டார்கள்?
– வாசகர், திருச்சி

கழுத்தில் தொங்கிய இரண்டு அலுமினிய வில்லைகளை வைத்து. அமெரிக்க அரை டாலர் நாணயம் அளவுக்கு வட்டம். பெயர், பதவி, கம்பெனி, ரெஜிமென்ட் ஆகியவற்றை ஒவ்வொரு எழுத்தாக அச்சு வைத்துச் சுத்தியால் அடித்துப் பதிப்பார்கள். 1916 ஜூலை வரை ஒரே வில்லைதான். அதைக் கழற்றினால் உடலுக்கு அடையாளமில்லை, கழற்றாவிட்டால் புதைகுழிக்கு அடையாளமில்லை. அதனால்தான் இரண்டாவது வந்தது. ஒன்று உடலோடு மண்ணுக்குள் போகும், மற்றதைப் புதைத்த இடத்தில் நட்ட மரக்குறியில் ஆணி அடித்து மாட்டுவார்கள்.

இதில் கோளாறு பல வழியில் வரும். அவசரத்தில் ஒருவர் இரண்டு வில்லையையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார். புதைத்த இடத்தில் மறுநாள் பீரங்கிக் குண்டு விழுந்து மரக்குறியும் குழியும் சேர்ந்து கலையும். வில்லை கோத்த கயிறு நைந்து அறும்.

குடியேறியவர்களுக்கு இன்னொரு கோளாறும் உண்டு: பெயர். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். சேரும்போது ஒரு எழுத்துக்கூட்டல், சம்பளப் பட்டியலில் ஒன்று, வில்லையில் இன்னொன்று. நீளமான பெயரென்று பாதியை வெட்டியதும் உண்டு. கடைசியில் மூன்று பேர் போலத் தெரியும் ஒரே ஆள், அல்லது ஒரே பெயரில் மூன்று ஆள். 1918இல் தரைப்படையில் ஒவ்வொருவருக்கும் வரிசை எண் கொடுத்து அதையும் வில்லையில் அடிக்கத் தொடங்கிய பிறகே இந்தக் குழப்பம் குறைந்தது. எண்ணுக்கு உச்சரிப்பு கிடையாது.

அடையாளம் தெரியாதவர்களில் நான்கு பேரை 1921 அக்டோபரில் ஷாலோன் நகருக்குக் கொண்டுவந்தார்கள். எட்வர்ட் யங்கர் என்ற சார்ஜண்ட், வெள்ளை ரோஜாக்களை ஒரு பெட்டியின் மேல் வைத்துத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பெட்டியில் இருந்தவரே அமெரிக்காவின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் இருக்கும் ‘பெயரறியா வீரர்’. ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்த படை அது. அவர் எந்த மொழியில் அம்மாவைக் கூப்பிட்டாரோ, யாருக்குத் தெரியும்?

உடலை எங்கே அடக்கம் செய்வது என்று யார் முடிவு செய்தது? அம்மா ஐரோப்பாவில் இருந்தால்?
– வாசகி, கோயம்புத்தூர்

குடும்பம்தான். போர் முடிந்ததும் நெருங்கிய உறவினருக்கு அட்டை அனுப்பிக் கேட்டார்கள். அமெரிக்கா கொண்டுவந்து குடும்பத்திடம் தரலாம், அங்கே தேசியக் கல்லறையில் வைக்கலாம், ஐரோப்பாவிலேயே அமெரிக்கக் கல்லறையில் விடலாம், அல்லது வீரர் பிறந்த ஊருக்கு அனுப்பலாம். சுமார் 46,000 பேர் கடல் கடந்து திரும்பினார்கள். 30,000 பேருக்கு மேல் ஐரோப்பாவில் தங்கினார்கள். வெளிநாட்டில் பிறந்த சிலரின் உடல் அவரவர் சொந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தது. பிழைக்கப் போன பிள்ளை பெட்டியில் திரும்பிய ஊர்கள் அவை.

கோட்சாக் பிரான்சிலேயே, ரோமாஞ் என்ற ஊரில் உள்ள மியூஸ்-ஆர்கோன் கல்லறையில் இருக்கிறார். அங்கே 14,246 கல்லறைகள், அவற்றில் 486 பெயர் தெரியாதவை. வெள்ளைச் சலவைக்கல் சிலுவைகள். யூத வீரர் என்றால் தாவீதின் நட்சத்திரம். கல்லில் இருப்பவை பெயர், பதவி, பிரிவு, மாநிலம், இறந்த தேதி. மாநிலம் என்றால் அமெரிக்க மாநிலம். பிறந்த தேதியும் இல்லை, பிறந்த ஊரும் இல்லை. எழுத்துகள் வெள்ளைக் கல்லிலேயே வெட்டப்பட்டிருப்பதால் தூரத்திலிருந்து படிக்க முடியாது, கிட்டப் போய்க் குனிய வேண்டும். மெடல் ஆஃப் ஆனர் பெற்றவருக்கு மட்டும் தங்க எழுத்து.

1930 முதல் 1933 வரை, ஐரோப்பாவில் அடக்கமான வீரர்களின் தாய்மார்களையும் மறுமணம் செய்யாத மனைவியரையும் அரசு தன் செலவில் கப்பலில் அழைத்துப் போய்க் கல்லறையைக் காட்டியது. 6,600க்கும் மேற்பட்ட பெண்கள் போனார்கள். இறந்து பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு தாய் முதல் முறையாக அந்தக் கல்லைத் தொட்டிருக்கிறாள்.

குடும்பத்துக்குப் பணம் ஏதாவது கிடைத்ததா?
– வாசகர், சேலம்

சாதாரண வீரருக்கு மாதம் 30 டாலர், கடல் கடந்தால் 33. மனைவி இருந்தால் 15 டாலர் கட்டாயமாகப் பிடித்து அவளுக்கு அனுப்பப்படும், அரசும் ஒரு 15 சேர்க்கும். 1917 அக்டோபர் சட்டப்படி 10,000 டாலர் வரை காப்பீடு எடுக்கலாம். மாதம் ஆறரை டாலர் போல. படையில் சேர்ந்து 120 நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். எல்லாம் பிடித்தது போகக் கடல் கடந்தவர் கையில் 11 டாலர் சொச்சம் மிஞ்சும்.

இறந்தால் காப்பீட்டுத் தொகை மொத்தமாக வராது. மாதம் 57.50 டாலர் வீதம் 240 மாதம், அதாவது இருபது வருடம். இது தவிர விதவைக்கு மாதம் 25 டாலர் இழப்பீடு. மகனை நம்பியிருந்த விதவைத் தாய்க்கு 20.

குடியேறியவர் இடறிய இடம், வாரிசுப் பெயர். மனைவி, பிள்ளை, பேரப்பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரை மட்டுமே வாரிசாக எழுதலாம் என்றது சட்டம். பிட்ஸ்பர்க்கில் சோறு போட்டு வளர்த்த சித்தப்பாவை எழுத முடியாது. 1919 டிசம்பரில்தான் மாமா, அத்தை, மருமகன் முறையினரையும் சேர்த்தார்கள்.

இறந்தபின் குடியுரிமை கொடுக்கும் வழக்கம் இப்போதும் உண்டா?
– வாசகர், புதுச்சேரி

1990 சட்டப்படி உண்டு. போர்க் காலத்தில் பணியில் ஏற்பட்ட காயத்தாலோ நோயாலோ இறந்த, குடிமகன் அல்லாத வீரருக்கு நெருங்கிய உறவினர் ‘என்-644’ என்ற படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இறந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள். இந்தக் கெடுவைத் தவறவிடுவதுதான் பெரிய ஆபத்து. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டு வருடம் கண் இமைப்பது போலப் போய்விடும். முதலில் இது வெறும் கௌரவம். குவாத்தமாலாவில் பிறந்த மரைன் ஹோசே குட்டியேரஸ் போன்றவர்கள் 2003இல் ஈராக்கில் இறந்த பிறகே, அந்த வருடக் கடைசியில் சட்டம் திருத்தப்பட்டு, மனைவி, பிள்ளை, பெற்றோரின் குடியேற்ற விண்ணப்பங்களுக்கும் பயன் கிடைத்தது.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. நிரந்தர வாச அட்டை இல்லாதவர்களையும் மொழித் திறனுக்காகச் சேர்க்க 2008இல் தொடங்கிய ‘மாவ்னி’ திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் சேர்க்கை நின்றது.

நியூஜெர்சியில் பக்கத்து வீட்டு ஸ்லோவாக் பாட்டி, தன் தாத்தாவின் அண்ணன் முதல் போரில் அமெரிக்கப் படையில் இறந்தார் என்கிறார். பெயர் மட்டும்தான் தெரியும். எங்கே தேடுவது?
– வாசகர், நியூஜெர்சி

முதலில் எழுத்துக்கூட்டலைப் பட்டியலிடுங்கள். ஸ்லோவாக் முறை ஒன்று, பேரரசு காலத்து ஹங்கேரிய முறை ஒன்று, ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி இரண்டு மூன்று. முதல் பெயரையும் மாற்றிப் பாருங்கள். யான் அங்கே போய் ஜான் ஆகியிருப்பார், யூரெய் ஜார்ஜ் ஆகியிருப்பார். பிறந்த நாடு என்ற இடத்தில் ஆஸ்திரியா, ஹங்கேரி இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஸ்லோவாக்கியா என்று தேடினால் எதுவும் வராது, அப்போது அப்படி ஒரு நாடே இல்லை.

அடுத்து 1917-18 பதிவு அட்டை. ‘ஃபேமிலி சர்ச்’ தளத்தில் இலவசமாகப் படமாகவே கிடைக்கும். அதில் முகவரி, வேலை, கையெழுத்து இருக்கும். சில அட்டைகளில் பிறந்த ஊரும் இருக்கும். கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி இருந்தால் எழுதத் தெரியாதவர். அட்டையில் எழுத்தர் போட்ட பெயரைவிட அவரே போட்ட கையெழுத்தை நம்புங்கள். ஆனால் பதிவு அட்டை இருந்தால் படையில் சேர்ந்தார் என்று அர்த்தமில்லை. சுமார் 2 கோடியே 40 லட்சம் பேர் பதிந்தார்கள், அழைக்கப்பட்டவர் 28 லட்சம் பேர். கோட்சாக் போலப் போருக்கு முன்பே தானாகச் சேர்ந்தவருக்கு அட்டையே இருக்காது.

பணிக்கோப்பு செயின்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகத்தில். 1973 ஜூலை 12 தீ விபத்தில், 1912 நவம்பர் முதல் 1959 முடிய விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் 80 சதவீதம் எரிந்துபோனது. மரைன் கோப்புகள் தப்பின. தரைப்படை என்றால் மனம் தளராதீர்கள். இறந்தவர்களுக்கென்று தனியாக அடக்கக் கோப்பு உண்டு. எங்கே முதலில் புதைத்தார்கள், எப்போது தோண்டி எடுத்தார்கள், வில்லை கிடைத்ததா, குடும்பம் என்ன பதில் எழுதியது என்பதெல்லாம் அதில் கிடைக்கலாம். கேட்கும்போது பணிக்கோப்பு என்று பொதுவாகக் கேட்காமல், முதல் உலகப் போர் அடக்கக் கோப்பு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். 62 வருடம் கடந்த ஆவணம் என்பதால் உறவினர் என்று நிரூபிக்கத் தேவையில்லை.

வெளிநாட்டுக் கல்லறைகளைப் பராமரிக்கும் அமெரிக்கப் போர் நினைவுச் சின்ன ஆணையத்தின் தளத்தில் கல்லறை எண்ணோடு தேடலாம். அதில் இல்லையென்றால் உடல் அமெரிக்காவுக்கோ, பாட்டியின் ஊருக்கோ போயிருக்கலாம். ஆகவே அந்த ஊர்த் தேவாலயத்து அடக்கப் பதிவேட்டையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். 1919க்கு முன்னால் தேட வேண்டாம், அதற்குப் பிந்தைய சில வருடப் பக்கங்களில்தான் இருக்கும்.